கைகண்ட மருந்து

'கைகண்ட மருந்து' என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கொடுத்துப் பார்த்து, குணமானதை நேரில் கண்ட மருந்துக்குத்தான் அந்தப் பெயர். எங்கள் சிங்கவரத்திலோ, யாருமே பார்க்காத மருந்துக்கெல்லாம் அதுதான் பெயர்.

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. கடலைக் கொல்லையில் களைக்கொத்து பட்டுக் காலில் புண், ஆறவே இல்லை. பார்க்க வருகிறவர்கள் சும்மா வருவார்களா? ஒரு கையில் சர்க்கரைக்காரருக்கு ஆகாத ரொட்டி, இன்னொரு கையில் வைத்தியம். பக்கத்து வீட்டு அண்ணி ஒரு பொடியோடு வந்தாள்.

"கைகண்ட மருந்து. தொண்டூர்ல ஒருத்தருக்கு சுகரே ஓடிப்போச்சு."

"யாரு அண்ணி பார்த்தது?"

"இன்னா இப்படிக் கேக்குற? ஊரே சொல்லுது."

மனுஷன் அதைக் கரைத்துக் குடித்தார். அதோடு விட்டாரா? மறுநாளே டீக்கடையில் உட்கார்ந்து, "எனக்கே மருந்து கேட்டுச்சுப்பா, சுகரே இல்ல" என்று அளந்துவிட்டு வந்தார். மாத்திரையையும் நிறுத்திவிட்டார். ரத்தம் சோதிக்கக் கூப்பிட்டால், "நல்லா இருக்கிறவன எதுக்கு ஆஸ்பத்திரிக்கு இழுக்குற?" என்று எரிந்து விழுந்தார். புண்ணோ பெரிதாகிக்கொண்டே போனது. காலையே எடுத்துவிடுவார்களோ என்று பயம் வந்துவிட்டது எனக்கு.

அந்தத் தொண்டூர்க்காரரையே கேட்டுவிடலாம் என்று பஸ் ஏறினேன். விசாரித்துப் போனால், அவரும் காலில் கட்டோடு கட்டிலில் கிடக்கிறார்!

"உங்களுக்குக் குணமாயிடுச்சின்னாங்களே?"

"எனக்கா? குடிச்சிப் பார்க்குறேன்னுதாம்மா சொன்னேன். மாத்திரைய நிறுத்த பயமாத்தான் இருந்துச்சு. சிங்கவரத்துல ஒருத்தருக்கு சுகரே இல்லையாம், டீக்கடையில அவரே சொன்னாராம். அதக் கேட்டுத்தான் நிறுத்தினேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். "ஐயா, அந்த மகராசன் என் வீட்டுக்காரர்தான். அவருக்கு அந்தப் பொடி ஒரு மண்ணும் கேக்கல. மாத்திரையப் போடுங்க."

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். ஊரே சொன்னதை விட்டுவிட்டு, வந்து நிற்கிற ஒரு பொம்பளை சொல்வதை நம்புவாரா!

வீட்டுக்கு வந்து கத்தித் தீர்த்தேன். "உங்க வாய நம்பி அங்க ஒருத்தரு காலைக் குடுக்கப் போறாரு!"

அவர் புண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து சட்டையை மாட்டினார்.

"செஞ்சி ஆஸ்பத்திரிக்கா?" என்றேன்.

"மொதல்ல தொண்டூரு. நான் சொன்னாத்தான் அந்தாளு நம்புவாரு. இந்தப் புண்ண அவரு கண்ணால பார்க்கட்டும். அப்புறம் ஆஸ்பத்திரி."