மேற்கு எல்லையில் ஆளில்லை

ராஜபாளையத்தில் எங்கள் அணிக்கு ஒரு பெயர் உண்டு. அவுட் ஆனால் ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள் என்பது. உண்மைதான். மில்லில் வேலை பார்ப்பவர்கள், கடை வைத்திருப்பவர்கள், மின்வாரியத்தில் கணக்கு எழுதும் நான், எல்லோருமே ஞாயிற்றுக்கிழமை வந்தால் அம்பயரோடு சண்டை போடத்தான் வருவோம். தளவாய்புரத்துக்காரர்கள் எங்களைவிடச் சத்தம். அவர்கள் ஊரில் ஒரு குத்து விழுந்த பந்தை ஒற்றைக் கையில் பிடித்தாலும் அவுட். ஸ்ரீவில்லிபுத்தூர் அணி மட்டும் வேறு மாதிரி. நம்மைப் போல்டு ஆக்கிவிட்டு, "வாங்கண்ணே, தண்ணி குடிங்க" என்பார்கள். அந்த மரியாதைதான் எரிச்சலாக இருக்கும்.

அவர்களோடு வன்னியம்பட்டிப் பக்கம் வற்றிய கண்மாயில் ஒரு ஆட்டம். டாஸ் போடும்போது அவர்கள் கேப்டன், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், அந்த இடத்து விதிகளைச் சொன்னார்.

"மேக்க கருவேலங்காட்டுப் பக்கம் நாங்க ஆள் நிறுத்த மாட்டோம். எம்புட்டு ரன்னு வேணும்னாலும் ஓடிக்கோங்க. ஆனா பந்து அங்கிருந்து தானா வந்து ஸ்டம்புல பட்டா, அது அவுட் இல்ல."

எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை.

பதினொரு மணி வெயில். நான் ஒரு பந்தை மேற்கே தூக்கி அடித்தேன். கருவேலங்காட்டுக்குள் போய் விழுந்தது. இரண்டு ஓடி, மூன்றாவதுக்குத் திரும்பினேன். யாரும் பந்தைத் தேடிப் போகவில்லை. கோட்டை நெருங்கும்போது பக்கத்தில் விர்ரென்று ஒரு சத்தம். முள் மரங்களுக்குள்ளிருந்து தரையோடு தரையாக, நேர்கோடு போட்ட மாதிரி வந்த பந்து நடு ஸ்டம்பைச் சாய்த்தது. நான் கோட்டுக்கு ஒரு கெஜம் வெளியே இருந்தேன்.

யாரும் கத்தவில்லை. பதினோரு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நாட் அவுட். ஆடுங்க தம்பி," என்றார் கேப்டன்.

"யாருண்ணே எறிஞ்சது?"

ஸ்டம்பை நட்டுக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார். "என் மச்சினன். அங்கதான் நிப்பான். ரெண்டு வருசத்துக்கு முந்தி கண்மாயில தண்ணி கெடந்துச்சு, கரையோரமா ஆடிக்கிட்டிருந்தோம். பந்து தண்ணிக்குள்ள போயிருச்சு. நாந்தான், ஏலே போய் எடுத்துட்டு வாலேன்னேன். மண்ணு அள்ளுன பள்ளம் இருந்தது தெரியல. பந்து அன்னைக்கே மெதந்து கரைக்கு வந்துருச்சு. அவன் மறுநாள்தான் வந்தான்."

நட்ட ஸ்டம்பை ஒரு தட்டுத் தட்டினார்.

"அவன் எடுத்த விக்கெட்ட நாங்க எடுத்துக்கறதில்ல. எடுத்துக்கிட்டா இன்னும் ஆடிக்கிட்டே இருப்பான். போதும்லே, போன்னு என் வாயால சொல்ல முடியல. அதான் இப்பிடி."

பேட்டைப் பிடித்து நின்றேன். என்னால் ஆட முடியவில்லை. அவ்வளவு சுத்தமான எறி. எந்த ஊர் அம்பயர் ஆனாலும் விரலைத் தூக்கியிருப்பார். மேற்கே பார்த்துக் கையை உயர்த்தி, "நான் அவுட்டுதான்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வெளியே நடந்தேன். வாழ்க்கையில் நான் ஒத்துக்கொண்ட முதல் அவுட். கேப்டன், "ஏன் தம்பி போறீய, ஏன் போறீய?" என்று பின்னாலேயே கொஞ்ச தூரம் வந்தார். பிறகு நின்றுவிட்டார்.

அடுத்து ஆடியவன் அதே பக்கம் அடித்தான். எல்லோரும் காத்திருந்தோம். பந்து வரவில்லை. எங்கள் ஆட்கள் ஓட மறந்து நின்றார்கள். கடைசியில் கேப்டனே கருவேலங்காட்டுக்குள் போனார். வெகுநேரம் கழித்து வந்தார். பந்தைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டே வந்தார். துடைத்த இடம் ஈரமாக இருந்தது. கண்மாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

பந்தைப் பவுலரிடம் கொடுத்துவிட்டு அவர் திரும்ப மேற்கேயே போய் நின்றார். எங்கள் ஆட்டம் முடியும்வரை அங்கேதான் நின்றார்.

நான்கு ரன்னில் தோற்றோம். யாரும் தகராறு செய்யவில்லை. வேன் ஏறும்போது அவரிடம் போய், "முள்ளுக்குள்ள அம்புட்டு நேரம் வெயில்ல நின்னீங்களேண்ணே" என்றேன்.

"வெயிலா?" என்று என் முகத்தைப் பார்த்தார். "அங்க நல்ல குளுமையாத்தான் இருந்துச்சு தம்பி."