சுதன் அவுட் இல்லை

பல வருடங்களுக்கு முன் ஒஸ்லோவில் நடந்த ஒரு பேஸ்போல் இறுதியாட்டத்தில், நடுவராக நின்ற நான் தெரிந்தே பொய்த் தீர்ப்புச் சொன்னேன். தமிழ் இளைஞன் சுதன் ஓடிவந்து கடைசித் தளத்தைக் கையால் தொட்ட பிறகுதான் பந்து வந்தது. ஆனாலும் ‘அவுட்’ என்றேன். தமிழன் தமிழனுக்குச் சாய்ந்தான் என்று நோர்வேக்காரர் சொல்வார்களோ என்ற பயம். அவனுடைய அணி தோற்றது.

அண்மையில், வென்ற கழகம் தன் ஆண்டுவிழாவில் அந்தக் காட்சியைத் திரையிட்டுக் கைதட்டியது. அந்தப் பொய்யைச் சுமந்து களைத்துப்போயிருந்த நான் எழுந்து உண்மையைச் சொன்னேன். மறுநாள் ஒஸ்லோவின் புருசெத் பகுதியில் இருந்த சுதன் வீட்டுக்குப் போய் அவனிடமும் சொன்னேன்.

“எனக்கு அண்டைக்கே தெரியும் அண்ணை,” என்றான். “வெள்ளைக்காரன் நடுவரா நிண்டிருந்தால் நாங்கள் வெண்டிருப்பம்.”

கோப்பையை என் பக்கம் தள்ளிவைத்தான்.

“தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ.”

குடித்தேன். மன்னித்துவிட்டாயா என்று கேட்க வாய் வரவில்லை.