ருன்சியன் போடும் நேரப்பட்டியல்

“கழிப்பறைக்கு ஒன்பது நிமிடம்” என்று எழுதிய ஷுவே ருன்சியன், ஒன்பதை அடித்துவிட்டுப் பன்னிரண்டு ஆக்குகிறார். இருபத்தெட்டுப் பேரில் இருபத்தோரு பேர் பெண்கள். அதிலும் பாதிப் பேர் பஸ்ஸில் உட்கார்ந்த கையோடு வெந்நீர்க் குடுவையைத் திறந்துவிடுகிறவர்கள். கூடுதலான மூன்று நிமிடத்தை எங்கிருந்தாவது பிடுங்கியாக வேண்டும். யென்மென் கணவாயில் பட்டுத் துணியை வீசி வீசிப் படம் எடுத்துக்கொள்வார்களே, அந்த நேரத்தில் கை வைக்கிறார்.

வயது அறுபத்தாறு. சீனாவில் தாய்யுவான் நகரத்து நூற்பாலையில் முப்பத்தொரு வருடம் ஷிப்டு மேற்பார்வை. புருஷன் போய் எட்டு வருடம். ஆலைச் சங்கு நின்றும் அவருக்குள் அது நிற்கவில்லை. பூங்காவில் காலையில் ஆடும் நடனக் குழுவை இதுவரை பதினாலு முறை ஊர்சுற்ற அழைத்துப் போயிருக்கிறார். ஆறு பத்து பஸ் என்றால் ஆறு பத்துக்கு நகரும். ஒரு தடவை சொந்தத் தம்பியையே வாசலில் விட்டுவிட்டுப் போனார்.

“தம்பிக்கு ஒரு கடிகாரம், ஊருக்கு ஒரு கடிகாரமா? அடுத்த வருஷம் வரட்டும்” என்றார். தம்பி அடுத்த வருடம் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து நடைபாதையில் குந்தியிருந்தார்.

தாய்யுவான் பக்கம் வினிகருக்குப் பேர்போனது; வெளியூர் வினிகரை ருன்சியன் நம்புவதில்லை. அடுத்த மாவட்டம்கூட அவருக்கு வெளியூர்தான். கைப்பையில் மருந்து இருக்கிறதோ இல்லையோ, சொந்த வினிகர் புட்டி இருக்கும். சாப்பாட்டுக் கடையில் ஓட்ஸ் மாவுச் சுருள் வந்ததும், கடைக்காரர் முறைக்க முறைக்க அதை வெளியே எடுப்பார்.

“அவ்ளோ தூரம் போறோம், அப்படியே தாதொங் குகையையும் பாத்துட்டு வந்துடலாமேக்கா” என்று குழுவில் ஆடும் சியாவ் மெய் இந்தத் தடவை ஆரம்பித்தாள்.

“பாக்கலாமே. பஸ் ஜன்னல் வழியா பேர்ப்பலகையப் பாரு.”

யென்மென் கணவாய், யிங்சியன் மரக்கோபுரம், தொங்கும் கோயில். மூன்றே இடம், ஒரே நாள். அதில் மரக்கோபுரத்துக்கு மட்டும் ஐம்பது நிமிடம். ஏன் என்று குழுவில் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையே இல்லை, எல்லாருக்கும் தெரியும்.

நடனத்துக்கு ஒலிபெருக்கியைச் சுமந்து வருகிற ஃபான் பாவோலின் பழைய தச்சர். போன குளிர்காலத்தில் பேச்சுவாக்கில், “வாழ்நாள் பூரா ஆணி அடிச்சவன் நான். ஆணியே இல்லாத அந்த மரக்கோபுரத்தப் பாக்காமலே போயிடுவேன் போல” என்றார். சுற்றி வளைப்பானேன், ருன்சியனுக்கு அந்த மனிதர் மேல் ஆசை. அதைச் சொல்ல அவருக்குத் தெரிந்த ஒரே மொழி நேரப்பட்டியல்.

ஆனால் ஃபானின் மகள் ஹுய்லிங் விடமாட்டேன் என்றாள். காரணம் வயது. எழுபத்து மூன்று, எமன் கூப்பிடாமலே தானாகப் போகிற வயது என்று அங்கே சொல்வார்கள். அந்த வருடம் வந்தால், மீனைப்போல் துள்ளித் தாண்டட்டும் என்று மகள்கள் கெண்டை மீன் வாங்கிப் போட்டு, அப்பனை வீட்டை விட்டு நகரவிடமாட்டார்கள்.

ருன்சியன் நேரே அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தார்.

“உங்கப்பாவுக்கு என்ன வயசு? வீட்டுக் கணக்குல சொல்லு.”

“எழுபத்துநாலு.”

“அடையாள அட்டையில?”

“எழுபத்திரண்டு.”

“அப்புறம் எழுபத்துமூணு எங்கேடி வந்துச்சு?”

கணக்கு சரிதான். வீட்டுக் கணக்கில் பிள்ளை பிறந்ததுமே ஒரு வயது, புத்தாண்டு வந்தால் இன்னொன்று. ஃபான் பிறந்தது புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்பு. கண் திறந்து பார்க்குமுன்னே இரண்டு வயதுக்காரர்.

“நடுவுல இருக்கே அத்தை” என்றாள் ஹுய்லிங். சொன்ன வேகத்தில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “சரி, கூட்டிட்டுப் போங்க. ஆனா அந்த நம்பர் மட்டும் அப்பா பக்கமே வரக்கூடாது, சொல்லிட்டேன்.”

ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, தான் விழுமாம் கழனிப்பானையில் துள்ளி. பயணக் காப்பீட்டுக்காகப் பெயரும் வயதுமாக ருன்சியன் ஒரு பட்டியல் எழுதினார். இரண்டு நாளாக வேண்டாம் வேண்டாம் என்று மனசுக்குள் விரட்டிக்கொண்டிருந்த எண் விரல் வழியாக இறங்கிவிட்டது. ஃபான் பாவோலின், 73. குழுவின் செல்பேசிப் பக்கத்தில் அதைப் படமாகவும் போட்டுவிட்டார். அழிப்பதற்குள் ஹுய்லிங் பார்த்துவிட்டாள்.

“அத்தை, உங்க கையாலயே எழுதிட்டீங்களே. நான் யோசிக்கணும்” என்று ஒரு வரி அனுப்பினாள். ருன்சியன் சந்தைக்கு ஓடி இருப்பதிலேயே பெரிய கெண்டையை வாங்கிக்கொண்டுபோய் அவள் வீட்டு வாசலில் நீட்டினார். ஹுய்லிங் மீனை வாங்கிக்கொண்டாள். பதில் மட்டும் சொல்லவில்லை.

பயண நாள் காலை ஆறு எட்டுக்கு பஸ்ஸில் இருபத்தேழு தலை எண்ணியாயிற்று. ஜன்னலோர இருக்கை ஒன்று காலி. எந்நேரமும் வாயாடும் பெண்கள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு தெருமுனையையே பார்த்தார்கள்.

“போன் போட்டுப் பாருங்கக்கா” என்றாள் சியாவ் மெய்.

“வர்றவங்க வருவாங்க. பதினாலு தடவையா யாருக்காவது போட்டிருக்கேனா?” ருன்சியன் படியில் ஒரு காலை வைத்தார்.

ஓட்டுநர் இன்ஜினைக் கிளப்பினார். “அக்கா, ஆறு பத்து ஆச்சு. ஏறுங்க.”

ருன்சியன் படியில் வைத்த காலைக் கீழே இறக்கினார்.

“இருப்பா, ஷூ லேஸ் அவுந்துடுச்சு.”

குனிந்தார். லேஸ் இரட்டை முடிச்சில் கல்லுப்போல் இறுகிக் கிடந்தது. அதை நகத்தால் நெம்பிப் பிரித்தார். ஒவ்வொரு துளையாக முழுவதையும் உருவி எடுத்தார். பிறகு, உலகத்தில் வேறு வேலையே இல்லாதவர் மாதிரி, முதல் துளையிலிருந்து நிதானமாகக் கோக்க ஆரம்பித்தார்.