பேசாத நேரத்தின் பங்கு

சிங்கப்பூருக்கு நர்ஸ் வேலைக்குப் போன என் மகளின் குரல் அந்த வருஷம் சரியாக இல்லை. "நல்லாருக்கேம்மா" என்பாள். அவள் சொல்லும் விதத்திலேயே நல்லா இல்லை என்று எனக்குத் தெரியும். என்ன ஏது என்று கேட்பதற்குள் குரல் துண்டுதுண்டாக உடைந்துபோகும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கம்ப்யூட்டர் வழியாக அவளோடு பேச, பேகம்பூர் பிரவுசிங் சென்டருக்கு நடப்பேன். கடைக்காரரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அங்கே அத்தனை கம்ப்யூட்டருக்கும் ஒரே லைன். காலேஜ் பையன்கள் பாட்டு இறக்கினால் அது லைனை அடைத்துக்கொள்ளும். என் மகளின் பேச்சு அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்டு முழிக்கும். கொஞ்சம் நிறுத்துங்கள் என்று கேட்க நாக்கு வரைக்கும் வரும். கேட்டதில்லை.

நான் தவிப்பதைப் பார்த்து பாய் ஒரு வாரம் பேச்சை எல்லாவற்றுக்கும் முன்னால் விட்டார். அன்றைக்குப் பரீட்சை முடிவு பார்க்கக் கூட்டம். அவர்களுக்கு இன்டர்நெட் பக்கமே திறக்கவில்லை.

"ஏன் பாய், அந்தப் பெரியம்மா வீட்டுக் கொழம்பு வெஞ்சனம் என்னன்னு சொல்லி முடிச்சாத்தான் எங்க ரிசல்ட்டு தெறக்குமா?" என்றான் ஒருத்தன். எல்லாரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அடுத்த வாரம் பாய் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"பேச்சுக்கு ஒரு பங்கு, பக்கம் பாக்குறவங்களுக்கு ஒரு பங்கு, பாட்டுக்கு ஒரு பங்கு. அவங்கவங்க பங்கு கட்டாயம் உண்டு. ஒரு பங்கு சும்மா கெடந்தா அடுத்தவங்க இரவல் எடுத்துக்கலாம். மொத்தத்துல லைன் தாங்குறதுக்குச் செத்த கம்மியாத்தான் விடுவேன். அப்பத்தான் கூட்டம் வெளிய லைன்ல முட்டாம, லைனைப் பிரிச்சு விடுற என் பெட்டியில வரிசையா நிக்கும்."

சும்மா கிடந்தால் அடுத்தவர் எடுத்துக்கொள்வார் என்பது மட்டும் எனக்குள் முள்ளாகத் தைத்துவிட்டது. எங்கள் தெருக்குழாயில் குடத்தைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும், அங்கே வேறு குடம் உட்கார்ந்துவிடும். அப்புறம் கடைசிக்குத்தான் போகவேண்டும். அதனால் அன்றைக்கு நான் வாயை மூடவே இல்லை. கத்தரிக்காய்க் குழம்பு, பக்கத்து வீட்டு ஆடு குட்டி போட்டது, மழை வராதது என்று அடுக்கினேன். நடுவில் "அம்மா, ஒண்ணு சொல்லணும்" என்று அவள் குரல் மணிபோலக் கேட்டது. பங்கு போய்விடுமோ என்ற பயத்தில் மறுபடி ஆட்டுக்குட்டிக்கே போனேன். அவளுக்கு டூட்டி நேரம் வந்துவிட்டது.

ரோட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது: இத்தனை தெளிவாகக் கேட்டும் அவள் சொல்ல வந்தது கேட்கவில்லை. அந்த வாரம் முழுக்க அடுப்பில் வைத்தது எல்லாம் அடிப்பிடித்தது.

அடுத்த ஞாயிறு பாயே கேட்டார்: "என்னக்கா, போன வாரம் மூச்சு விடாமப் பேசுனீங்க?"

"நிப்பாட்டுனா எடுத்துக்குவாங்கள்ல பாய். எங்க குழாயடியில அப்படித்தான்."

"அட, இரவல்தானக்கா! நீங்களோ மகளோ வாயத் தெறந்தா அந்த நொடியே ஒங்க பங்கு திரும்ப வந்துரும். ஒருத்தரும் புடிச்சு வெச்சுக்க முடியாது. நிம்மதியா சும்மா இருங்க."

ஹெட்போனை மாட்டி, "சொல்லு தாயி" என்றேன். வாயை மூடிக்கொண்டேன்.

அந்தப் பக்கமும் சத்தம் இல்லை. பக்கத்துப் பையனின் பாட்டு சரசரவென்று இறங்குவது அவன் திரையில் தெரிந்தது. என் பங்குதான் அங்கே ஓடுகிறது. ஆட்டுக்குட்டி வாய்வரை வந்துவிட்டது. சேலை முந்தானையை விரலில் சுற்றி இறுக்கிக்கொண்டேன்.

"அம்மா, என்னால இங்க இருக்க முடியலம்மா." ஒரு எழுத்துக்கூட உடையவில்லை. "தூக்கமே இல்ல. காண்ட்ராக்ட் முடியவும் வந்துரட்டுமா? ஊரு என்ன சொல்லும்னு அப்பா கேப்பாரு."

"வந்துரு தாயி" என்றேன். கடையே திரும்பிப் பார்க்கும்படி சொல்லியிருக்கிறேன். "அப்பாட்ட நான் பேசிக்கிறேன்."

என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து நான் அதுவரை எதற்கும் எதிர்ப்பேச்சுப் பேசியதில்லை. முதல் வார்த்தை என்னவென்று பிடிபடாமல், வீட்டுக்குப் போகும் தெருவைத் தாண்டி நடந்துகொண்டே இருந்தேன்.