ஆறேகால் வண்டி

டைம்கீப்பரின் சொந்தப் பெயர் டிப்போவில் பாதிப் பேருக்குத் தெரியாது. டிரைவர்களும் கண்டக்டர்களும் அவருக்கு வைத்த பெயர் 'உபரி'. நேரில் சார், தலை மறைந்ததும் உபரி. பஸ் நிலையத்து மூலையில் கம்பி போட்ட ஜன்னலுக்குப் பின்னால் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதியவர். புதுத் தடத்துக்கு நேரம் போடச் சொன்னால் நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஐந்து நிமிஷத்தை ஒளித்துவைப்பார். டயர் பஞ்சராகலாம், ரயில்வே கேட் மூடியிருக்கலாம், டிரைவருக்கு வயிறு சரியில்லாமல் போகலாம். "உபரி இல்லாம ஷெட்யூல் போடக் கூடாதுப்பா" என்று புதிதாக வருகிற எல்லோரிடமும் சொல்வார். பெயர் ஒட்டிக்கொண்டது.

வீட்டிலும் இதே கதைதான். சினிமாவுக்குப் போனால் முந்தைய காட்சிக்காரர்கள் வெளியே வருவதற்கு முன்பே வாசலில் நிற்பார்கள். அவர் மனைவி இருபத்தாறு வருஷம் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில், "மூச்ச இழுத்துப் பிடிங்க, விடுங்க" என்று ஊராருக்கெல்லாம் சொல்லி ஓய்வு பெற்றவள். இந்த மனிதரோடு குடித்தனம் நடத்த அந்தப் பயிற்சி உதவியது என்று அவளே சொல்வாள்.

இரண்டு பேரும் ஒரே வருஷம் ஓய்வு பெற்றதால் மகள் அவர்களுக்குக் கப்பலில் ஐந்து நாள் பயணத்துக்குச் சீட்டு வாங்கிவிட்டாள். கப்பல் புறப்படுவது துறைமுக ஊரிலிருந்து, வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு. கப்பல் கம்பெனியே அதற்கு முன்னால் மூன்று நாள் தரைச் சுற்றுலாவும் நடத்துகிறது. பஸ், வழிகாட்டி, சாப்பாடு எல்லாம் சேர்த்து. மகள் அந்தக் காகிதத்தை அனுப்பினாள். டைம்கீப்பர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் படித்தார்.

"ஒன்பது மணிக்குக் கலங்கரை விளக்கத்துலேர்ந்து கிளம்புறாங்களாம், ஒன்பது மணிக்கு மியூசியத்துல இருப்பாங்களாம். வண்டி பறக்குமா?" என்று போனில் கேட்டார்.

"வேண்டாம்னா நீங்களே திட்டம் போட்டுக்குங்கப்பா. நீங்க ஒன்பது வருஷம் வேலை பார்த்த ஊருதானே" என்றாள் மகள்.

அது உண்மை. இப்போது இருக்கும் ஊருக்கு மாற்றலாகி வருவதற்கு முன் அவர் துறைமுக ஊர் டிப்போவில்தான் இருந்தார். அந்த ஒன்பது வருஷத்தைப் பற்றி வீட்டில் யாரும் அதிகம் பேசுவதில்லை.

போனை வைத்ததும் மனைவி அடுப்படியிலிருந்தே கேட்டாள். "அங்கேர்ந்து மூன்றரை மணி நேரம். தங்கச்சி வீட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வரலாமா?"

"கப்பல் முடிஞ்சு வந்து பின்னாடி பார்த்துக்கலாமே. கப்பல் நமக்காக நிக்காது" என்றார்.

அந்த வீட்டில் 'பின்னாடி' என்ற சொல்லுக்குத் தனி அர்த்தம் உண்டு. புது ஃபிரிட்ஜ் பின்னாடி, மாடிக்குக் கூரை பின்னாடி, பல் கட்டுவது பின்னாடி. அந்தப் பட்டியலில் சேர்ந்த எதுவும் இதுவரை வீடு வந்து சேர்ந்ததில்லை. மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"பின்னாடி வேணாங்க. முன்னாடியே போவோம். நான் போன் பண்ணிட்டேன்."

"பண்ணிட்டியா? என்ன சொன்னா?"

"வர்றதுன்னா வாங்கன்னா."

பதினோரு வருஷத்தில் தங்கை அக்காவிடம் பேசிய முதல் வார்த்தை அது. வரச் சொன்னாளா, வராதே என்று மரியாதையாகச் சொன்னாளா என்று மனைவி நான்கு நாளாக உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிடி கிடைக்கவில்லை.

விஷயம் இதுதான். பதினோரு வருஷத்துக்கு முன் மாமனார் அந்தத் தங்கை வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை டைம்கீப்பர் துறைமுக ஊரில் மதியம் வரை டியூட்டி பார்த்துவிட்டு மனைவியைக் கூட்டிக்கொண்டு போனார். போய்ச் சேரும்போது மணி ஐந்தேகால். திரும்பிவரக் கடைசி வண்டி ஆறேகாலுக்கு. மறுநாள் விடியற்காலை ஐந்துக்கு அவருக்கு மறுபடி டியூட்டி. ஆறு மணிக்கு அவர் கட்டிலுக்கு எதிரில் நின்று, "நேரமாச்சு" என்றார். மனைவி அப்பாவின் கையை விட்டுவிட்டு எழுந்தாள். "இன்னைக்கு ஒரு நாள் இருந்துட்டுப் போக்கா" என்றாள் தங்கை. "காலையில லீவு போட்டுட்டு வர்றேன்" என்று சொல்லி அக்கா கிளம்பினாள். வண்டி சரியாக ஆறேகாலுக்கு எடுத்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டதுகூட அவருக்கு நினைவிருக்கிறது. ஏழு மணிக்கு முன்னால் அப்பா போய்விட்டார்.

எடுப்பதற்கு வந்தவளின் முகத்தைத் தங்கை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போனவளுக்கு இப்ப மட்டும் என்ன அவசரம்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அவ்வளவுதான். பேச்சு வார்த்தை நின்றது. எழுந்திருக்கச் சொன்னது அவர். பழி விழுந்தது மனைவி தலையில். அவள் ஒரு நாளும் தங்கையிடம் அதை மாற்றிச் சொல்லவில்லை. இவரும் சொல்லவில்லை.

திட்டம் போட அவருக்கு இரண்டு நாள் ஆனது. பழைய டிப்போ நண்பருக்குப் போன் செய்து வண்டி நேரங்களை வாங்கினார். அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, டிப்போ ஷெட்யூல் மாதிரியே எழுதினார். செவ்வாய் காலை ரயிலில் துறைமுக ஊர், லாட்ஜில் பெட்டியை வைத்தல், கலங்கரை விளக்கம். புதன் தங்கை வீடு. வியாழன் கப்பல், ஐந்து மணிக் கப்பலுக்கு மூன்று மணிக்கே கதவை அடைத்துவிடுவார்கள், ஆகவே இவர்கள் பதினொன்றுக்கே போய் நிற்பார்கள். முடித்ததும் காகிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

குளித்துவிட்டு வந்தபோது மனைவி புதன்கிழமைக் கட்டத்தில் விரலை வைத்திருந்தாள்.

"பதினொன்று ஐம்பத்தஞ்சுக்கு வீட்டுக்குள்ள போறோம். பன்னிரண்டு முப்பத்தஞ்சுக்குக் கிளம்புறோம்."

"ஆமா. பன்னிரண்டு ஐம்பது வண்டி."

"அதுக்கப்புறம் வண்டி கிடையாதா?"

"இருக்கு. ரெண்டரை, நாலு நாற்பது, ஆறேகால். ஒன்னு வரலைன்னா அடுத்தது. மூணு வண்டி கையில இருக்கணும். மறுநாள் கப்பல்."

"அன்னைக்கு அப்பாகிட்ட எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன்னு ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

அவருக்கு ஞாபகம் இருந்தது. நேரத்தை மறக்கத் தெரிந்திருந்தால் அவர் வேறு வேலைக்கல்லவா போயிருப்பார்.

"முக்கால் மணி நேரம்" என்றார்.

"தங்கச்சிக்கு அதுலேர்ந்து அஞ்சு நிமிஷம் குறைச்சிருக்கீங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. காகிதத்தை அவர் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு அடுப்பை அணைக்கப் போனாள். டைம்கீப்பருக்கு வெட்கமாக இருந்தது. ஈரத் துண்டோடு அங்கேயே உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார். மூன்று நாளில் உபரி மட்டுமே பத்து மணி நேரத்துக்கு மேல் இருந்தது. ரயில் நிலையத்தில் உபரி, லாட்ஜில் உபரி, கப்பல் வாசலில் நான்கு மணி நேரம் உபரி. யாருக்காகச் சேர்த்தோம் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

ஆனாலும் பழக்கம் சும்மா விடுமா? ரப்பரை எடுத்து பன்னிரண்டு ஐம்பதை அழித்து ரெண்டரை என்று போட்டார். அதற்கு மேல் கை போகவில்லை. மனைவி பார்த்தாள்.

புதன்கிழமை வண்டி எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடியது. மாற்றிய சாலை, புதுப் பாலம், பஸ் நிலையத்தில் புதுக் கழிப்பறை. பாவம், அவர் வைத்த உபரிக்கு வேலையே வரவில்லை. பஸ் நிலையத்திலிருந்து தங்கை வீட்டுக்குப் பதினைந்து நிமிஷ நடை. மெயின் ரோட்டிலிருந்து இரண்டாவது வீடு. போகிற வருகிற வண்டியெல்லாம் அந்த முனையில் ஹாரன் அடித்துத்தான் திரும்பும். வாசலில் செருப்பைக் கழற்றும்போது மனைவி மூச்சை இழுத்துப் பிடித்தது அவருக்குக் கேட்டது. விடுங்க என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

தங்கை கதவைத் திறந்தாள். தலை நன்றாக நரைத்திருந்தது. அக்காவை ஒரு முறை பார்த்தாள், அவள் தோளில் தொங்கிய சின்னப் பையைப் பார்த்தாள், பிறகு டைம்கீப்பரின் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"வாங்க. எத்தனை மணிக்கு வண்டி?"

முகமன் அவ்வளவுதான். தண்ணீர் வேண்டுமா என்றுகூட இன்னும் கேட்கவில்லை. மனைவி பையின் வாரை இழுத்துப் பிடித்தாள். ரெண்டரைக்கு என்று சொல்லியாக வேண்டும், சொன்னால் வந்த காரியம் வாசலோடு முடிந்தது. அவள் அவர் பக்கம் திரும்பவும் இல்லை. நிலைப்படியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னைக்கு வண்டி இல்ல" என்றார் டைம்கீப்பர்.

சொன்ன பிறகுதான் சொன்னது தான் என்று அவருக்கே தெரிந்தது. முப்பத்தொரு வருஷத்தில் வண்டி நேரத்தைப் பற்றி அவர் சொன்ன முதல் பொய் அது. அதையும் ஒழுங்காகச் சொல்லத் தெரியாமல், "போறதுக்கு வண்டியே கிடையாது. காலையிலதான்" என்று ஜன்னலுக்குள்ளிருந்து பயணிகளுக்குச் சொல்கிற அதே குரலில் சேர்த்துக்கொண்டார்.

தங்கை அந்த வீட்டில் இருபத்து மூன்று வருஷமாக இருக்கிறாள். எந்த ஹாரன் எந்த வண்டி என்பது அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். அவள் அவரை நேராகப் பார்த்தாள். அன்று கட்டிலுக்கு எதிரில் நின்று நேரமாச்சு என்றவர் இவர்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்ததோ என்னவோ.

"அன்னைக்கு அவள எழுந்திருக்கச் சொன்னது நான்தான்மா" என்றார் அவர்.

"தெரியும் மாமா" என்றாள் தங்கை. "உங்ககிட்ட கோவப்பட்டு என்ன செய்ய. எங்க அக்காவாச்சேன்னு அவகிட்ட கோவப்பட்டேன்."

பிறகு அக்காவின் தோளிலிருந்து பையை எடுத்து உள்ளே வைத்தாள். "இந்த ஊருக்கு வண்டி எப்பவுமே கம்மிதான்க்கா. உள்ள வா, உலையில இன்னும் ரெண்டு பேருக்குச் சேர்த்துப் போடணும்."

கப்பல் என்ன ஆயிற்று என்று கேட்பவர்கள் இருப்பார்கள். பிடித்துவிட்டார்கள். மறுநாள் பத்தரை மணி வண்டியில் வந்து, லாட்ஜில் பெட்டியை எடுத்து, கதவை அடைக்க இருபது நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தார்கள். அவர் வாழ்க்கையிலேயே அவ்வளவு குறைந்த உபரியில் எங்கும் போனதில்லை. கப்பல் பெரிதாக இருந்தது, சாப்பாடு பரவாயில்லை, மனைவிக்கு முதல் நாள் மட்டும் தலை சுற்றியது. அதைப் பற்றி மகளுக்குச் சொல்ல அவர்களிடம் அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை.

புதன்கிழமைக்கே வருவோம். சாப்பாடு முடிந்து, அவருக்கு முன்னறையில் ஒரு நாற்காலி கொடுத்துவிட்டு, அக்காவும் தங்கையும் உள்ளே கட்டிலில் உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். முதலில் முட்டி வலி, மருந்து, பிள்ளைகள் என்று ஓரமாகப் போன பேச்சு மெல்ல அப்பாவிடம் வந்தது. ரெண்டரை வண்டி முனையில் ஹாரன் அடித்துத் திரும்பியது. யாரும் எழுந்திருக்கவில்லை. நாலு நாற்பது வண்டி வந்தபோது இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். அவர் எழுந்து போய் இரண்டு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தார்.

ஆறு மணி ஆனது. சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தார், பார்த்தார். ஆறு பத்து. ஆறேகால். நிலையத்திலிருந்து முனைக்கு வர மூன்று நிமிஷம் ஆகும். ஆறு பதினெட்டுக்கும் ஹாரன் சத்தம் வரவில்லை. உள்ளே பேச்சும் நின்றிருந்தது. அவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறு இருபத்திரண்டுக்கு அந்தக் கடைசி வண்டி முனையில் ஹாரன் அடித்து, கியர் மாற்றி, மெயின் ரோட்டில் போய் மறைந்தது.

"அப்புறம் அப்பா என்ன சொன்னாரு? சொல்லு" என்றது மனைவியின் குரல்.

நான்கு நிமிஷம் தாமதம். டைம்கீப்பருக்கு அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று நாக்கு துடித்தது. சொன்னால் வண்டி உண்டு என்று ஆகிவிடும். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.