இவர் எதற்குக் கோயிலுக்கு வருகிறார்

இயல்பிலேயே சந்தேகப்படுகிறவள் நான். பால்காரர் சிரித்த முகமாகப் பால் கொடுத்தால், இன்றைக்குத் தண்ணீர் கூடுதலோ என்று விரலில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பேன். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்று, தானும் கோயிலுக்கு வருவதாகச் சொன்னபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இந்த மனுஷனுக்கு என்ன வந்தது என்றுதான் தோன்றியது.

சர்ச்சைத்தான் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் கோயில் என்போம். கல்யாணமாகிப் புனே வந்து, நிக்டியில் குடியேறிய நாள் முதல் ஞாயிறு தவறாமல் இவரைக் கூப்பிட்டிருக்கிறேன். இவரும் கிறிஸ்தவக் குடும்பம்தான். ஆனால் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் தலையைக் காட்டினாலே பெரிது. மற்ற ஞாயிறுகளில், வாரமெல்லாம் மெஷின் முன்னால் நின்ற கால் வலிக்கிறது என்று படுத்துவிடுவார். நான் மட்டும் ஷேர் ஆட்டோ பிடித்து தேஹு ரோடு போவேன். மராத்தி ஆராதனைக்காரர்கள் வெளியே வரும்வரை வாசலில் நின்று, பிறகு எங்கள் தமிழ் ஆராதனைக்குள் போவேன். முழங்கால் போட்டதும் முதலில் கேட்பது எப்போதும் ஒன்றுதான். ஆண்டவரே, இவரைக் கொண்டுவாரும்.

கொண்டுவந்துவிட்டார். எனக்குத்தான் நம்ப முடியவில்லை.

எங்கள் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவோம். என் இடத்திலிருந்து பார்த்தால் இவருடைய பக்கவாட்டு முகம் நன்றாகத் தெரியும். ஆராதனையைக் கவனித்தேனோ இல்லையோ, இவரைக் கவனித்தேன். கீர்த்தனை பாடும்போது பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்திருப்பார், வாய் மட்டும் அசையாது. சரிதான், மனசு இங்கே இல்லை என்று குறித்துக்கொண்டேன். திருவிருந்தில் திராட்சரசம் வாயில் பட்டதும் முகத்தைச் சுளித்தார். பரிசுத்தமான நேரத்தில்கூட இப்படியா என்று எனக்கு எரிச்சல் வந்தது.

அடுத்த ஞாயிறும் வந்தார், அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்த அன்று, இதில் ஏதோ இருக்கிறது என்று முடிவே செய்துவிட்டேன். முதலில் கோயில் கமிட்டித் தேர்தல்மேல் சந்தேகம் போனது. ரிடையர் ஆகப்போகிற ஆண்களுக்கு அந்த ஆசை வருவதைப் பார்த்திருக்கிறேன். பிறகு மகளின் கல்யாணம். ஒழுங்காகக் கோயிலுக்கு வரும் குடும்பம் என்று பாஸ்டர் வாயால் ஒரு வார்த்தை வந்தால், மாப்பிள்ளை வீட்டார் கேட்டுக்கொண்டு வருவார்கள். ஹிஞ்சவாடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மகளிடம் இதைச் சொன்னபோது அவள் போனிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. பப்பா போனால் போகட்டும், சோடோ நா மம்மி என்று விட்டுவிடச் சொன்னாள். என்னால் விட முடியவில்லை.

கோயிலில் மற்ற பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் ஜெபம் கேட்கப்பட்டது என்றார்கள். நானும் எல்லாம் கர்த்தர் செயல் என்று தலையை ஆட்டினேன். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இவருடைய பைக்கிலிருந்து கோயில் வாசலில் இறங்குவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எல்லோரும் வெளியே நிற்கும் நேரம் பார்த்துப் போய்ச் சேரும்படி கிளப்பிக்கொண்டு போவேன். இவர் எதற்கு வருகிறார் என்று துருவிக்கொண்டிருந்த நான், இதைப் பற்றி என்னை ஒரு கேள்வியும் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த நாட்களில் ஒரு ஞாயிறு, அப்பமும் மீனும் சாப்பிட்ட ஜனங்களைப் பற்றிப் பாஸ்டர் பிரசங்கம் செய்தார். வயிறு நிறைந்த கூட்டம் மறுநாள் படகேறி இயேசுவைத் தேடிக்கொண்டு அக்கரைக்கே போய்விட்டது. இயேசு மகிழ்ந்துபோகவில்லை, நீங்கள் எதற்காகத் தேடுகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். எனக்கு அவரை அன்று ரொம்பப் பிடித்துப்போனது. நம்மைப்போலச் சந்தேகப்படுகிறவர் என்று நினைத்தேன். ஆண்கள் பக்கம் திரும்பி, நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று இவரை ஒரு பார்வை பார்த்தேன்.

மாதத்தின் முதல் ஞாயிறு, ஆராதனை முடிவில் சுகவீனமாக இருப்பவர்களைப் பீடத்தருகே அழைத்துப் பாஸ்டர் தலையில் கைவைத்து ஜெபிப்பது எங்கள் கோயில் வழக்கம். வழக்கமாக எழுந்து போகிறவர்கள் போனார்கள். சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர், முட்டி தேய்ந்த டீச்சர் ஒருவர். அவர்களுக்குப் பின்னால் இவர் எழுந்து போனார். போய் முழங்காலில் நின்றார். பெண்கள் பக்கம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. கட்டின மனைவிக்குத் தெரியாமல் என்ன நோய் என்று கோபம்தான் எனக்கு முதலில் வந்தது. பயம் அதற்கு அப்புறம்தான் வந்தது.

வீடு திரும்பும் வழியில், பைக்கை நிறுத்துங்கள் என்று பழைய மும்பை ரோட்டோரம் இறங்கிக்கொண்டேன். இவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத் தரையைப் பார்த்தபடி சொன்னார். கம்பெனியில் எல்லோரையும்போல இவரும் புகையிலையைச் சுண்ணாம்போடு கசக்கிக் கன்னத்தில் அடக்கிக்கொள்கிறவர். அந்த இடத்தில் ஒரு புண் வந்து, மாசக்கணக்காக ஆறவில்லை. டாக்டர் சதையைக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை. பாட்டுக்கு வாய் அசையாததும், திராட்சரசத்துக்கு முகம் சுளித்ததும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அணைத்துக்கொண்டிருக்க வேண்டும். என் வாயில் வந்தது வேறு.

"அப்போ அதுக்குத்தான் கோயிலு. இத்தனை வருஷம் நான் கூப்பிட்டு வரல. பயம் வந்ததும் வந்துட்டீங்க."

இவர் கோபப்படவில்லை. "பயந்துதான் வந்தேன். வேற எங்கட்டி போவச் சொல்லுத?" என்றார். பிறகு, குத்திக்காட்டுவதற்கு இல்லாமல் உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவராக, "நீ என்னத்துக்குப் போற?" என்று கேட்டார்.

ஆண்டவர்மேல் உள்ள அன்பினால் என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. சத்தத்தில் பதில் கேட்கவில்லை என்று இவர் நினைத்திருக்கக்கூடும். நான் சொல்லவே இல்லை.

முடிவு வாங்கச் சிஞ்ச்வடில் இருந்த ஆஸ்பத்திரிக்குச் சேர்ந்தே போனோம். புற்றுநோய் இல்லை என்று டாக்டர் இந்தியில் சொன்னார். புகையிலையைத் தொடக்கூடாது, சில மாதத்துக்கு ஒருமுறை வந்து வாயைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். இவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அழுதார். நானும் தோத்திரம், தோத்திரம் என்று சொல்லிக்கொண்டு அழுதேன். அதற்கும் முன்னால், டாக்டர் வாயை மூடிய அந்த நொடியிலேயே, என் மனசுக்குள் ஒன்று ஓடிவிட்டது. அப்படியானால் இனிமேல் வரமாட்டார். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றும் வந்தது. அந்தப் பயம் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாமே.

பால்காரர் முதல் பாஸ்டர் வரை எல்லோரையும் சந்தேகப்பட்டிருக்கிறேன். இப்படி ஒன்றை நினைக்கக்கூடியவள் வீட்டுக்குள்ளேயே, என் சேலையைக் கட்டிக்கொண்டு இருப்பாள் என்று சந்தேகப்படவில்லை.

வந்த ஞாயிறு இவர் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டார். பாஸ்டர் அறிவித்தார், எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அன்று வாய் திறந்து பாடவும் செய்தார். எனக்கு அதில் நிம்மதி இல்லை, அடுத்த ஞாயிறுக்காகக் காத்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு நான் சேலை கட்டி முடித்தும் இவர் கட்டிலைவிட்டு எழவில்லை. கால் வலிக்கிறதாம். "நீ போய்ட்டு வா. எனக்கும் சேத்துச் சொல்லிரு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இவரை எழுப்ப எனக்கு ஒரு வார்த்தை போதும். அடுத்த தடவை வாயைக் காட்டப் போக வேண்டுமே, மறந்துவிட்டீர்களா என்று சாதாரணமாகக் கேட்டால் போதும். இவர் எழுந்து சட்டையைப் போட்டுக்கொள்வார், பைக் சாவியையும் எடுப்பார். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, ஷேர் ஆட்டோவுக்கு நடந்தேன்.

உங்கள் வீட்டுக்காரர் எங்கே என்று வாசலிலேயே கேட்டார்கள். கால்வலி என்றேன். உள்ளே போய் என் இடத்தில் முழங்கால் போட்டேன். வழக்கமாகக் கேட்பதைக் கேட்கப் போனேன், கேட்கப் பயமாக இருந்தது. எந்த வழியாக, நோயைக் கொடுத்தே கொண்டுவந்தாலும் இவள் வாங்கிக்கொள்வாள் என்று ஆண்டவருக்குத் தெரிந்துவிட்டிருக்கும். இவர் வீட்டில் தூங்கட்டும், ஆண்டவரே என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து உட்கார்ந்தேன்.