குதிரைவீரனின் சப்பாத்து

“…அதெல்லாம் கறண்ட் இல்லாத ஊர்ப் பேயள், தம்பி. ஜெர்மனியில பேய் எண்டாலும் விலாசம் பதிஞ்சு, டெர்மின் எடுத்து, நேரம் குறிச்சுத்தான் வரோணும்” என்று சொல்லிச் சிரித்தார் யோகன் அண்ணை. பழைய வீடு, ஆளரவமே இல்லை, பேய் இருக்கும் என்று பகிடியாக நான் சொன்னதற்குத்தான் அந்தப் பதில். நானும் சிரித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், பேய் பிசாசை நம்பினவனில்லை நான். நீங்கள் இப்போது என்னைப் பார்க்கிறீர்களே, இதே பார்வையைத்தான் அப்படிக் கதை சொன்னவர்கள்மேல் நானும் விட்டிருக்கிறேன்.

நாங்கள் வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கிறவர்கள். முப்பது வருடம் பிறத்தியாரிடம் வேலை செய்த யோகன் அண்ணை, சொந்தப் பெயரில் தொழில் தொடங்கி எடுத்த முதல் வீடு அது. டார்ம்ஸ்டாட்டுக்கு வெளியே ஒரு கிராமம். வீட்டுக்காரி ஹெல்கா அம்மா எண்பது தாண்டிய தனியாள். வேலை பிடித்தால் அந்தத் தெருவுக்கே அவர் சொல்லுவார். பிடிக்காவிட்டாலும் சொல்லுவார். ஒரு வாய் போதும், ஒன்பது ஊர் கேட்கும்.

மேல்மாடி அறையில் மரத்தாங்கி ஒன்றில் பழைய குதிரைச் சேணம் இருந்தது. கால் நுழைக்கும் அங்கவடிகள் இரண்டிலும் நீளச் சப்பாத்துகள், நுனி பின்னாலும் குதிக்கால் முன்னாலுமாக. ஹெல்கா அம்மாவின் பூட்டன் போட்டவையாம். வாலிபத்தில் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, குதிரைப் படையில் இருந்து, பிறகு எல்லைப்புறத்தில் காணி பிடித்து மரவீடு கட்டி வாழ்ந்த மனிதர். கிழவனானதும் எல்லாவற்றையும் விட்டு இந்த ஊருக்கே வந்து செத்தாராம். “சுவருக்கு அடியுங்கள். அதை மட்டும் தொடவேண்டாம்” என்றார் ஹெல்கா அம்மா.

பெயின்ற் தெறிக்காமல் பிளாஸ்டிக் விரிப்புப் போர்த்தும்போது என் கை சும்மா இருக்கவில்லை. செருப்புக் கவிழ்ந்து கிடந்தால் வீட்டில் சண்டை வரும் என்று நிமிர்த்திப் பழகிய கை. திசைமாறி நின்ற சப்பாத்தும் கண்ணை உறுத்தியது. இரண்டையும் கழற்றி, முன்பக்கம் பார்க்க மாட்டிவிட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

தேநீர் நேரம் யோகன் அண்ணை வழக்கம்போலக் கைபேசியில் ஆகாயப்படம் பார்த்தார். கிளிநொச்சியில் அவர் விட்டுவந்த காணி, வட்டமாக அவருடைய கிணறு. கிணற்றுக்குப் பக்கத்தில் யாரோ புதிதாகத் தகரக் கூரை போட்டிருக்கிறார்கள்.

“என்ர காணிக்க கூரை போட்டவனுக்கு நித்திரை வருமோ, தம்பி?”

“அவனுக்கு நல்லா வரும் அண்ணை. எங்களுக்குத்தான் வராது.”

மறுநாள் காலை எட்டு மணி. இரவு பூட்டிய அறையின் சாவி ஹெல்கா அம்மாவின் கழுத்திலேயே கிடந்தது, அவரேதான் திறந்தார். குதிரை வியர்வை மணம் முகத்தில் அடித்தது. நம்பினால் நம்புங்கள், போர்த்திய பிளாஸ்டிக் போர்த்தியபடி இருக்க, அதற்குக் கீழே சேணம் நனைந்திருந்தது, சப்பாத்துகளின் அடியில் ஈரச் சேறு, புல். தரை விரிப்பில் ஒரு தடமும் இல்லை.

ஹெல்கா அம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். யோகன் அண்ணை என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன், பகிடிக்காக எதையும் செய்யக்கூடியவர். சாவி வைத்திருந்த மனுசிமேலும் எனக்கு ஒரு கண்தான்.

“நீர் தண்ணி கிண்ணி ஊத்தினீரோ?”

“கடைசியாய் இறங்கினது நீங்கள்தானே அண்ணை!”

“என்ர முதல் வேலையில நானே மண் போடுவனோ, விசரா?”

“உண்மையைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வாளிகளைத் தூக்கிக்கொண்டு போங்கள்” என்றார் ஹெல்கா அம்மா. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். சப்பாத்தைத் திருப்பியதைச் சொல்லிவிட்டேன்.

ஹெல்கா அம்மா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். குதிரைவீரன் செத்தால் சப்பாத்தை அப்படிப் பின்பக்கம் பார்க்க வைப்பதுதான் வழக்கமாம், சவாரி முடிந்தது என்று அர்த்தமாம். பூட்டன் கடைசிவரை ஒழுங்காக நித்திரை கொண்டதில்லை. அமெரிக்காவில் பிடித்த காணியைக் கேட்டு ஆட்கள் வருகிறார்கள் என்று, இந்த ஊரிலும் குதிரை ஏறி, இல்லாத வேலியைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பாராம்.

“அவரை இறக்கிவிடுங்கள்” என்றார் என்னிடம்.

சப்பாத்துக்குள் கையை விட்டேன். இப்போதுதான் கால் எடுத்த மாதிரிச் சூடு. இன்றைக்கும் என் சொந்தச் சப்பாத்தைக்கூட, உள்ளே கைவிட்டுப் பார்க்காமல் நான் போடுவதில்லை. இரண்டையும் பழையபடி திருப்பி மாட்டினேன். சேணம் கண்முன்னே காயத் தொடங்கியது. அதற்கு என்ன சொல்வீர்கள்?

“மீதி வீடும் உங்களுக்குத்தான். ஆனால் இனி ஒரு தடவை அது திரும்பியிருந்தால் வாசலுக்கும் வரவேண்டாம்” என்றார் ஹெல்கா அம்மா.

யோகன் அண்ணை அவரிடம் ஜெர்மன் மொழியில் ஒன்று கேட்டார். “உங்கள் பூட்டனுக்கு முதல் அந்தக் காணியில் யார் இருந்தது?”

“இருந்தார்கள். யாரென்று அவர் சொன்னதில்லை.”

பின்னேரம் எல்லாவற்றையும் வாகனத்தில் ஏற்றியாயிற்று. அறையில் தூரிகையை விட்டுவிட்டேன் என்று யோகன் அண்ணை சாவியை வாங்கிக்கொண்டு மேலே போனார். ஆளைக் காணவில்லையே என்று நானும் படியேறினேன். தூரிகை அவருடைய காற்சட்டைப் பையிலேயே நீட்டிக்கொண்டிருந்தது. அவர் சேணத்துக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு, “பிறத்தியார் காணி பிடிச்சவனுக்கு என்ன நித்திரை” என்று முணுமுணுத்தபடி, இரண்டு சப்பாத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக, முன்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தார்.